பொறுப்பைத் தள்ளிவிடுவது மாநில சுயாட்சி ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பேரிடர் நிவாரணப் பொறுப்பை வாஷிங்டனிடமிருந்து மாநிலங்களுக்கு மாற்றிவிட அதிபர் டிரம்ப் எடுத்துவரும் முயற்சியை வரவேற்று, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. மாநில உரிமைக்காகக் காலங்காலமாகக் குரல் கொடுத்துவரும் தமிழ்நாடு இதைக் கண்டு மகிழ வேண்டும் என்றும், டெல்லி இதிலிருந்து பாடம் கற்க வேண்டும் என்றும் கட்டுரையாளர் முடித்திருந்தார். கடலூர் மாவட்டத்தில் பிறந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக வட கரோலினா மாநிலத்தில் குடியிருப்பவன் நான். அந்தக் கட்டுரையில் இருக்கும் ஒரு தகவல் பிழையையும், அதைவிடப் பெரிய ஒரு கருத்துப் பிழையையும் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன். மாநில சுயாட்சியில் கட்டுரையாளருக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

ஹெலீன் புயலைக் கட்டுரை ஒற்றை வரியில் கடந்துபோகிறது. தமிழ் வாசகர்கள் பலருக்கு அந்தப் பெயரே நினைவில் இருக்காது என்பதால், நடந்ததை முதலில் சொல்கிறேன். 2024 செப்டம்பர் 26 இரவு பதினொரு மணியளவில், புளோரிடாவின் பெர்ரி என்ற சிற்றூருக்கு அருகே மணிக்கு 225 கிலோமீட்டர் வேகக் காற்றோடு அது கரையைக் கடந்தது. கடலோரத்தார் புயலுக்குப் பழகியவர்கள். எப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்தாருக்குப் புயல் என்பது தொலைக்காட்சியில் பார்க்கும் சங்கதி. புயலுக்கும் வெப்பத்துக்கும் அஞ்சி, பத்திரமான ஊர் என்று தேடிப்போய்ச் சிலர் வீடு வாங்கிய இடம் அது. புயல் வருவதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. புயல் அதன்மேல் ஏறி நின்று கொட்டியது. மிட்செல் சிகரத்துக்கு அருகிலுள்ள புசிக் என்ற இடத்தில் மூன்று நாளில் 78 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த அந்த ஒருநாள் மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். சமவெளியில் நீர் பரவி நிற்கும். மலையில் விழுந்த நீருக்கு நிற்க இடமில்லை, ஓடத்தான் வழி உண்டு. ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு ஆஷ்வில்லில் 24.67 அடிக்கு உயர்ந்து, 1916 ஜூலை வெள்ளத்தில் பதிவான 23.1 அடியைத் தாண்டியது. ஊர்ப் பெரியவர்கள் தம் பாட்டன்மார் சொல்லக் கேட்ட கதை அந்த 1916 வெள்ளம். அதையும் மிஞ்சியது இது.

வட கரோலினாவில் மட்டும் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லா மாநிலங்களையும் சேர்த்து ஏறத்தாழ 250 பேர். 2005-இல் நியூ ஆர்லியன்ஸை அழித்த கத்ரீனாவுக்குப் பிறகு அமெரிக்கப் பெருநிலத்தில் இத்தனை உயிர்களைப் பறித்த புயல் வேறில்லை. மேற்கு வட கரோலினாவின் சாலைகள் அனைத்தும் மூடப்பட்டவையாகவே கருதப்பட வேண்டும் என்று மாநிலப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. ஒரு நிலப்பகுதி முழுவதையும் ஓர் அரசு அப்படி ஒரே வரியில் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டதை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். டென்னசி எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கில் 40-ஆம் எண் நெடுஞ்சாலை ஆற்றில் சரிந்தது. 2025 மார்ச் முதல் தேதியன்றுதான் திசைக்கு ஒரு வழித்தடம் என்ற அளவில் அதைத் திறக்க முடிந்தது. நீர்த்தேக்கத்திலிருந்து ஆஷ்வில்லுக்கு வரும் பெருங்குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டதால் நகரத்தில் 53 நாள்களுக்குக் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் இல்லை. மரியன் என்ற ஊருக்கு அருகிலிருந்த ஒரே ஒரு தொழிற்சாலைதான் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான குளுக்கோஸ், உப்பு நீர் பாட்டில்களில் சுமார் 60 விழுக்காட்டைத் தயாரித்து வந்தது. அது சேற்றில் மூழ்கியதும், அந்த மலையைக் கண்ணாலும் காணாத தொலைதூர மாநிலங்களில்கூட அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. 'மாநிலத்தின் பேரிடர்' என்று ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்ல முடியுமா என்ற ஐயம் எனக்கு முதலில் எழுந்தது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நண்பர்கள் மூவர் இரண்டு வண்டிகளில் தண்ணீர்ப் புட்டிகள், குழந்தைகளுக்கான டயப்பர்கள், மின்கலங்கள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஆஷ்வில்லை அடுத்த ஸ்வானனோவா பள்ளத்தாக்குக்குப் போனோம். நாங்கள் செய்தது பெரிதல்ல. எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்ற கூட்டத்தைச் சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன். வண்டி போகாத மலைப்பாதைகளில் கோவேறு கழுதைகளின் முதுகில் மருந்தும் மாவும் ஏற்றிக்கொண்டு போனார்கள். தேவாலயங்களின் வாகன நிறுத்துமிடங்களில் அடுப்பு மூட்டி, யார் வந்தாலும் பெயர் கேட்காமல் தட்டில் உணவு வைத்தார்கள். ஓடையில் வாளியால் நீர் மொண்டு, வயதானவர்களின் மாடி வீடுகளுக்குக் கழிப்பறைத் தேவைக்காகச் சுமந்தார்கள் இளைஞர்கள். கைப்பேசிக் கோபுரங்கள் விழுந்துவிட்டபடியால், வண்டியில் உட்கார்ந்து வானொலியில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அதிகாரிகளின் அறிவிப்பைக் கேட்பதே நாள்தோறும் அவர்கள் அறிந்த ஒரே செய்தி. முதல் உதவி உள்ளூரிலிருந்துதான் வரும் என்று கட்டுரையாளர் எழுதியது முற்றிலும் உண்மை. அதில் எனக்கு மறுப்பேயில்லை. ஆனால் முதல் வாரத்துக்கு உண்மையானது, முதல் ஆண்டுக்கும் உண்மையாகிவிடாது. கழுதை முதுகில் மருந்து போகும், பாலம் போகாது.

ஸ்வானனோவா கரையில் சிறு கடையோடு பெட்ரோல் பங்க் நடத்திவந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்களுக்கு அறிமுகம். கடைக்குள் ஏழடிச் சேறு. காப்பீடு உண்டா என்று கேட்டேன். “உண்டு அண்ணாச்சி, வெள்ளத்துக்குத்தான் கிடையாது” என்றார். அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீட்டிலும் கடைக் காப்பீட்டிலும் வெள்ளம் சேராது என்பதை நம்மூர் வாசகர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. மரம் முறிந்து கூரைமேல் விழுந்தால் பணம் வரும்; அதே மரத்தை வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து சுவரை இடித்தால் வராது. தனியார் நிறுவனங்கள் கைகழுவிய அந்த இடரை ஏற்பதற்காகவே 1968-இல் மத்திய அரசு தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக் கட்டடத்துக்கு அதில் கிடைக்கும் உச்சத் தொகை 2,50,000 டாலர். வெள்ளம் வரக்கூடிய பகுதி என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்தில் கடன் வாங்கி வீடு கட்டுவோருக்கே அது கட்டாயம். மேற்கு வட கரோலினாவின் மலைக் கவுண்டிகளில் பெரும்பாலான வீடுகள் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தன. ஆகவே நூற்றில் ஒரு வீட்டுக்குக்கூட வெள்ளக் காப்பீடு இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பட்டறிவு பெற்று வெள்ளக் காப்பீடு வாங்கலாம் என்று 2025 அக்டோபரில் முனைந்தவர்கள், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நிதி மசோதா நிறைவேறாமல் அரசு 43 நாள்கள் முடங்கிக் கிடந்தபடியால், அந்த நாள்களில் புதிய காப்பீடு எடுக்கவே முடியவில்லை. திட்டத்தின் சட்ட அனுமதியே காலாவதியாகியிருந்தது.

காப்பீடு இல்லாதவர்களுக்கு அடுத்த புகலிடம் ஃபீமா எனப்படும் மத்திய அவசரகால மேலாண்மை முகமை. 1979-இல் அதிபர் கார்ட்டர் உருவாக்கியது. 2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் கொண்டுபோய் வைக்கப்பட்டது. இந்த முகமையைப் புகழ்ந்து எழுத நான் பேனாவை எடுக்கவில்லை. கத்ரீனாவில் அது பட்ட அவமானத்தை உலகமே பார்த்தது. வீட்டுப் பத்திரம் பாட்டி பெயரில் இருக்கிறது, முகவரியில் ஓரெழுத்து மாறியிருக்கிறது என்பன போன்ற காரணங்களுக்காக நிராகரிப்புக் கடிதம் அனுப்பும் பழக்கம் அதற்கு நெடுநாளாக உண்டு. சீர்திருத்தம் வேண்டும் என்பதில் இரு கட்சியாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஃபீமாவின் உண்மையான வேலை படகோட்டுவதோ சோறு போடுவதோ அல்ல, கணக்கைத் தீர்ப்பது. 1988-ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டப்படி, அதிபர் பெரும் பேரிடர் என்று அறிவித்துவிட்டால், இடிந்த பாலம், பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் ஆகியவற்றைச் சீரமைக்கும் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் மத்திய அரசு ஏற்க வேண்டும். சேதத்தின் அளவைப் பார்த்து அதிபர் அதை 90-க்கோ 100-க்கோ உயர்த்தலாம்.

இந்த 75 என்ற எண்ணைத் தமிழ்நாட்டு வாசகர்கள் வேறோர் இடத்தில் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில், இமயமலை மற்றும் வடகிழக்கு மாநிலங்கள் நீங்கலாக ஏனைய மாநிலங்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு அதே 75 விழுக்காடுதான். இரண்டு நாடுகளும் தனித்தனியே யோசித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் எளிது. புயல் எந்த மாநிலத்தைத் தாக்கும் என்பது யாருக்கும் தெரியாது; எல்லோரிடமும் வரி வாங்குகிறவரிடம்தான் எல்லோருக்கும் கொடுக்கும் வசதி இருக்கும். கட்டுரையாளர் தமிழ்நாட்டை உதாரணம் காட்டுவதால் கேட்கிறேன்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென் மாவட்ட வெள்ளமும் அடுத்தடுத்து வந்தபோது தமிழ்நாடு அரசு என்ன செய்தது? 37,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. 2024 ஏப்ரலில் மாநிலம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அதன் பிறகே தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து சுமார் 276 கோடி ஒதுக்கப்பட்டது. நீங்கள் விலகிக்கொள்ளுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சுயாட்சி பேசும் எந்தக் கட்சியும் சொல்லவில்லை. எங்கள் வரிப்பணத்தில் எங்களுக்குரிய பங்கைக் கொடுங்கள் என்பதுதான் அங்கே மாநில உரிமைக் குரலாக இருந்தது. 2011-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, எங்கள் பெரியப்பாவின் தோப்பும் அதில் போயிற்று. நட்ட மரம் காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று அதிகாரிகள் யாராவது கணக்குப் போடுவார்களா என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது.

சரி, வட கரோலினா தானே பார்த்துக்கொள்ள முடியுமா? மாநில அரசின் மதிப்பீட்டின்படி ஹெலீனால் ஏற்பட்ட சேதமும் தேவையும் சேர்ந்து 5,960 கோடி டாலர். மாநிலத்தின் ஓராண்டுப் பொது நிதிச் செலவு முழுவதும், அதாவது பள்ளி, சிறை, மருத்துவம், சம்பளம் எல்லாம் சேர்ந்து, 3,000 கோடி டாலரைச் சற்றே தாண்டும். அத்தனை பள்ளிகளையும் ஈராண்டு மூடிவைத்தாலும் கணக்கு நேராகாது. மேலும், மாநிலம் பற்றாக்குறையில் வரவு செலவுத் திட்டம் போடுவதை அதன் அரசமைப்பே தடுக்கிறது. அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் இவ்வாறு கட்டுண்டவை. கடன் வாங்கி இடரைத் தாங்கி, பத்திருபது ஆண்டுகளில் அடைக்கும் வலிமை வாஷிங்டனுக்கு மட்டுமே உண்டு. கட்டுரையாளர் இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாலே அவருடைய முடிவு மாறியிருக்கும்.

இனி, கட்டுரை 'முயற்சி' என்று குறிப்பிடுவது 2025-இல் எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஜனவரி 24 அன்று அதிபர் டிரம்ப் இதே ஆஷ்வில் பகுதிக்கு வந்தார். ஃபீமாவை அடியோடு மாற்றவோ ஒழித்துவிடவோ போவதாகச் சொன்னார். அதை ஆராய ஒரு குழுவையும் அன்றே அமைத்தார். அன்று மாலையே காட்டுத்தீயில் கருகிய லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பறந்தார். ஏப்ரலில், வெள்ளமோ தீயோ வருமுன்பே காப்பதற்காகக் கவுண்டிகளுக்கு வழங்கப்பட்டுவந்த பெரிய மானியத் திட்டம் நிறுத்தப்பட்டது. இருபது மாநிலங்கள் நீதிமன்றம் போயின. அதே மாதம், ஹெலீன் இடிபாடுகளை அகற்றும் செலவை மத்திய அரசே நூறு விழுக்காடு ஏற்கும் காலத்தை நீட்டிக்க வேண்டும் என்ற எங்கள் ஆளுநர் ஜாஷ் ஸ்டைனின் கோரிக்கை மறுக்கப்பட்டது. மே மாதத்தில் மேல்முறையீடும் மறுக்கப்பட்டது. (இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதலமைச்சருக்கு நிகரானவர் என்று கொள்க.) மே 7 அன்று ஃபீமாவின் பொறுப்புத் தலைவர் கேமரன் ஹாமில்டன், முகமையை ஒழிப்பது அமெரிக்க மக்களின் நலனுக்கு உகந்ததல்ல என்று காங்கிரஸ் குழுவின் முன் சொன்னார், மறுநாளே பதவி பறிபோனது. ஜூன் மாதத்தில், பேரிடருக்குப் பிந்தைய நிலையைச் சமாளிக்கத் தெரியாத ஆளுநர் அந்தப் பதவிக்கே தகுதியற்றவராக இருக்கலாம் என்று அதிபர் பேசினார். ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அன்றைய செயலாளர் கிறிஸ்டி நோயம் நேரில் ஒப்புதல் தர வேண்டும் என்ற விதியும் அப்போது வந்தது. பேரிடர்க் கணக்கில் ஒரு லட்சம் டாலர் என்பது ஒரு சிறு ஓடைப் பாலத்துக்குக்கூடப் போதாத தொகை.

இத்தனையிலும் காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டாஃபோர்டு சட்டம் அப்படியே இருக்கிறது. 75 விழுக்காடும் அப்படியே எழுத்தில் இருக்கிறது. கையெழுத்து தாமதப்படுகிறது, கோப்பு திரும்பி வருகிறது, ஆள் மாற்றப்படுகிறார். மாநிலத்துக்கு அதிகாரம் எதுவும் புதிதாக வந்து சேரவில்லை. வர வேண்டிய பணம் மட்டும் எப்போது வரும் என்பது தெரியாமல் போய்விட்டது. 2025 செப்டம்பரில், புயல் அடித்து ஓராண்டு நிறையும் வேளையில், எங்கள் ஆளுநர் மேலும் 1,350 கோடி டாலர் கேட்டு வாஷிங்டனுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சுயாட்சி பெற்ற மாநிலத்தின் செயலாக இது யாருக்கும் தோன்றுமா என்று கட்டுரையாளரையே கேட்கிறேன்.

யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதும் கேள்வியாகிவிட்டது. 2024 நவம்பரில் கடும் புயற்காற்றால் அடிபட்ட, மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தின் கோரிக்கை 2025 ஏப்ரலில் மறுக்கப்பட்டது. ஆர்கன்சாவின் சூறாவளிச் சேதத்துக்கான கோரிக்கையும் முதலில் மறுக்கப்பட்டது. அதன் ஆளுநர் சாரா ஹக்கபி சாண்டர்ஸ், டிரம்பின் முதல் ஆட்சியில் அவருடைய செய்திச் செயலாளராக இருந்தவர், மேல்முறையீடு செய்தபின் மே மாதத்தில் ஏற்கப்பட்டது. அக்டோபரில் அலாஸ்கா, நெப்ராஸ்கா, வடக்கு டகோட்டா ஆகியவற்றுக்கு ஒப்புதல் தந்ததை அறிவித்தபோது, அலாஸ்காவில் தாம் மூன்று தேர்தல்களிலும் பெருவெற்றி பெற்றதை அதிபர் மறவாமல் குறிப்பிட்டார். அதே நாள்களில் வெர்மான்ட், இல்லினாய், மேரிலாந்து ஆகிய மூன்றும் மறுக்கப்பட்டன. மேரிலாந்தில் மே மாத வெள்ளத்தில் மூழ்கியது மேற்குக் கோடியிலுள்ள அலிகேனி கவுண்டி. அந்தக் கவுண்டி மக்கள் டிரம்புக்கே பெருவாரியாக வாக்களித்தவர்கள். எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும் சேறு ஒரே அளவில்தான் வீட்டுக்குள் வருகிறது. எதிர்த் தரப்பும் இதில் கறைபடாமல் இல்லை: 2024 அக்டோபரில் மில்டன் புயலுக்குப் பின் புளோரிடாவில், டிரம்ப் பெயர்ப் பலகை வைத்த வீடுகளைத் தவிர்த்துவிட்டுப் போகச் சொன்ன ஃபீமா அலுவலர் ஒருவர், பைடன் ஆட்சியிலேயே பணிநீக்கம் செய்யப்பட்டார். அது ஓர் அலுவலரின் குற்றம், தண்டிக்கவும் பட்டது என்பது உண்மைதான்; ஆனால் அதைக் கேட்ட பிறகு மலையில் ஃபீமா சட்டை போட்டவரை நம்பாத முதியவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

டெக்சஸைப் பற்றியும் கட்டுரையாளர் பெருமையாக எழுதியிருக்கிறார். 2025 ஜூலை 4 அதிகாலையில் கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி உயர்ந்தது. மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; கேம்ப் மிஸ்டிக் என்ற சிறுமியர் கோடை முகாமில் மட்டும் 27 பேர், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தேசிய வானிலை மையத்தின் திடீர் வெள்ள எச்சரிக்கை நள்ளிரவு 1:14-க்கே வெளியாகிவிட்டது. ஆற்றோரம் உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்ப ஒரு சங்கு இல்லை. அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்தக் கவுண்டி எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்று பேசிவந்தது, சுமார் பத்து லட்சம் டாலர் திட்டத்துக்கு மாநிலப் பேரிடர் துறையிடம் விண்ணப்பித்தது, கிடைக்கவில்லை. பின்னர் 2021-இல் கொரோனா கால மத்திய நிதி கைக்கு வந்தபோது, பைடன் அரசின் பணம் நமக்கு வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து பேசிய ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவசரத் தேவைகளுக்கென்று 2,000 கோடி டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருக்கும் மாநிலம் டெக்சஸ். மிசிசிப்பியிலோ மேற்கு வர்ஜீனியாவிலோ அந்த அளவு வசதி கிடையாது. வெள்ளம் வந்ததும் இரண்டே நாளில் டெக்சஸுக்குப் பேரிடர் அறிவிப்பு கையெழுத்தானது, அது சரியான செயல். ஃபீமாவை ஒழிப்போம் என்ற பேச்சும் சில வாரங்களுக்கு அடங்கியிருந்தது.

மாநிலத் தலைநகரம் மக்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது பொறுப்பாகவும் நடக்கும் என்ற நம்பிக்கைக்கும் எங்கள் மாநிலமே ஒரு மறுப்பு. 2024 நவம்பரில் ராலேயிலுள்ள சட்டமன்றம் பேரிடர் நிவாரணம் என்ற பெயரில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. சுமார் 130 பக்க மசோதாவில் நிவாரணம் பற்றியவை முதல் சில பக்கங்களே. மிச்சத்தில் பெரும்பாலானவை, புதிதாகத் தேர்வாகியிருந்த ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியேற்குமுன் அவரது அதிகாரங்களைக் கத்தரிக்கும் பிரிவுகள். தேர்தல் ஆணையத்தை நியமிக்கும் உரிமை ஆளுநரிடமிருந்து, டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநிலத் தணிக்கையாளருக்குப் போயிற்று. நிவாரணத்துக்கென ஒதுக்கிய 22.7 கோடி டாலரும் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிவைக்கப்பட்டதேயன்றி, உடனே செலவிட வழி செய்யப்படவில்லை. வெள்ளத்தில் அடிபட்ட மலைப் பகுதியைச் சேர்ந்த மூன்று குடியரசுக் கட்சி உறுப்பினர்களே மனம் பொறுக்காமல் அதை எதிர்த்து வாக்களித்தார்கள். பதவியிலிருந்த பழைய ஆளுநரின் மறுப்பை (வீட்டோ) முறியடிக்கும் வாக்கெடுப்பு டிசம்பரில் வந்தபோது கட்சியோடு சேர்ந்துகொண்டார்கள். அன்று அவையின் பார்வையாளர் மாடத்திலிருந்து எழுந்த கூச்சலில் நானும் பங்கு கொண்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். வேலை நாள், போக முடியவில்லை.

இப்போது நான் முதலில் சொன்ன தகவல் பிழைக்கு வருகிறேன். ஹெலீனில் வீடிழந்தவர்களுக்கு ஃபீமா கொடுத்தது 750 டாலர் மட்டுமே என்றும், மீதிப் பணம் சட்டவிரோதமாக வந்த குடியேறிகளுக்குப் போய்விட்டது என்றும் கட்டுரை கூறுகிறது. இந்த இரண்டும் 2024 அக்டோபரில் தேர்தல் சூட்டில் பரவிய வதந்திகள். இரண்டாவதை டிரம்ப் தாமே மேடைதோறும் சொன்னார். 750 டாலர் என்பது உணவு, பால்மாவு, மருந்து போன்ற உடனடித் தேவைகளுக்காக ஆரம்பத்திலேயே தரப்படும் தொகை. சென்னையில் மிக்ஜாமுக்குப் பின் நியாயவிலைக் கடையில் டோக்கன் கொடுத்து வழங்கிய 6,000 ரூபாயைப் போன்றது. வீட்டைப் பழுதுபார்க்க 42,500 டாலர் வரை வேறாக விண்ணப்பிக்க அப்போது இடம் இருந்தது. குடியேறிகளுக்கான தங்குமிட நிதியைக் காங்கிரஸ் தனித் தலைப்பில் ஒதுக்கியிருந்தது. பேரிடர் நிதியிலிருந்து அதற்கு எடுக்கவில்லை. இதை மறுத்து விரிவான அறிக்கை வெளியிட்டவர் அந்த மலைத் தொகுதியின் குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் உறுப்பினரான சக் எட்வர்ட்ஸ். வானிலையை எவராலும் கட்டுப்படுத்த முடியாது என்றுகூட அவர் எழுத நேர்ந்தது, ஏனென்றால் அவருடைய கட்சியைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர் கிரீன், முடியும் என்று சில நாள்களுக்கு முன் பதிவிட்டிருந்தார்.

அந்த வதந்திகளின் விலையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபீமா பணியாளர்களுக்குத் தீங்கு செய்வேன் என்று மிரட்டிய ஒருவர் ரூதர்ஃபோர்டு கவுண்டியில் துப்பாக்கியோடு கைதானார். சில இடங்களில் வீடு வீடாகப் போய் விண்ணப்பம் வாங்கும் பணி நிறுத்தப்பட்டது. 750 வாங்கினால் வீட்டையே அரசு எடுத்துக்கொள்ளும் என்று நம்பி, விண்ணப்பிக்கவே மறுத்த ஒரு மூதாட்டியை நான் ஸ்வானனோவாவில் சந்தித்தேன். அவருடைய வீட்டின் பின்சுவர் அப்போது இல்லை. தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எங்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கத் தண்ணீர் இல்லையே என்றுதான் வருந்தினாரே தவிர, தமக்காக எதையும் கேட்கவில்லை. காகிதத்தை நான் எவ்வளவோ எடுத்துக் காட்டியும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

அதிபர் அமைத்த ஆய்வுக் குழுவின் அறிக்கை, இந்தக் கடிதத்தை நான் எழுதும் 2025 டிசம்பர் வரை வெளிவரவில்லை. அது வரும்போது தாங்கள் செய்தி வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். மத்திய அரசின் பங்கு 75 விழுக்காடாகவே நீடிக்கிறதா, எவ்வளவு சேதம் ஏற்பட்டால் பெரும் பேரிடர் என்று ஏற்பார்கள் என்ற இரண்டு விவரங்களையும் அந்தச் செய்தியில் கட்டாயம் சேர்க்குமாறு வேண்டுகிறேன். தலைப்பில் எந்தச் சொல் இருந்தாலும் விஷயம் அவற்றில்தான் இருக்கும். இதற்கிடையில், 750 டாலர் பற்றியும் குடியேறிகள் பற்றியும் வெளியான இரண்டு வரிகளுக்குத் தங்கள் நாளிதழின் திருத்தப் பகுதியில் மறுப்பு வெளியிட வேண்டுகிறேன். என் கடிதத்துக்கு இடமில்லாவிட்டாலும் அந்தத் திருத்தத்துக்கு இடம் தாருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கேரி, வட கரோலினா
டிசம்பர் 2025